கல்லணை முதல் கொடிக்கால் வரை: வாசகர் கேள்வி பதில்

காவிரிக் கரையோரம் ஒரே நாளில் போய்த் திரும்புவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களில் பெரும்பாலோர் திருச்சிக்காரர்கள் என்பதால் கணக்கெல்லாம் திருச்சியை வைத்தே.

வாசகர், மயிலாடுதுறை: ஆஸ்திரியாவில் வேலை பார்க்கும் மகன், வியன்னாவிலிருந்து டான்யூப் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களுக்குக் காலையில் போய் இரவு திரும்பியதாகப் படங்கள் அனுப்பினான். நம் காவிரிக் கரையில் ஏன் திராட்சை வருவதில்லை? அதுபோல் போய்ப் பார்க்க நம்மிடம் என்ன இருக்கிறது?

உங்கள் மகன் போனது வாகாவ் பள்ளத்தாக்காக இருக்க வேண்டும். மெல்க், கிரெம்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் உள்ள ஆற்றங்கரை அது. யுனெஸ்கோ 2000-ல் அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பேர்பெற்ற திராட்சை நிற்பது சமவெளியில் இல்லை. மலைச்சரிவில் கல்லடுக்கிப் படிப்படியாகக் கட்டிய வரப்புகளில் நிற்கிறது. மழை பெய்த தண்ணீர் வேரில் தங்காமல் ஆற்றுக்கு ஓடிவிடும். திராட்சைக்கு அதுதான் வேண்டும். நம் டெல்டாவோ தாம்பாளம் போலத் தட்டை. களிமண்ணில் தண்ணீர் நிற்கும், அதனால்தான் நெல் விளைகிறது. போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வாரக்கணக்கில் பெய்தால் திராட்சை இலையில் சாம்பலும் பூஞ்சையும் ஏறி, பழம் கொடியிலேயே வெடிக்கும். தமிழ்நாட்டுத் திராட்சை பெரும்பாலும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில்தான். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

காவிரிக் கரையின் கொடி வெற்றிலை. அதுவும் நட்டு, கட்டி, பதியம் போட்டு வளர்ப்பதுதான். ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் விலை பேசுவார்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு வந்தது. அய்யம்பேட்டை, பண்டாரவாடை, இராஜகிரி, பாபநாசம், சுவாமிமலை என்று வரிசையாக இருக்கும் கொடிக்கால்களை, அதாவது வெற்றிலைத் தோட்டங்களை, சுற்றி ஒரு பகல் பயணத்தைத் தாராளமாகக் கட்டலாம்.

வாசகி, தில்லைநகர், திருச்சி: கல்லணை, திருவையாறு, கொடிக்கால், சுவாமிமலை, தாராசுரம் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்க்க ஆசை. போன தடவை காலை 9 மணிக்குக் கிளம்பி, போன இடமெல்லாம் கோயில் பூட்டிக் கிடந்தது. கார் உண்டு. மாமியாருக்கு முழங்கால் வலி. எப்படிப் பிரித்துக்கொள்வது?

9 மணிக்குக் கிளம்பியதுதான் கோளாறு. டெல்டாவில் பெரும்பாலான கோயில்களில் மதியம் 12, 12.30-க்கு நடை சாத்தி 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். கொடிக்காலில் இலை கிள்ளுவது வெயில் ஏறுவதற்கு முன்னால். சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறைகளில் வேலை பகல் முழுவதும் நடக்கும். ஆகவே காலையில் ஆறும் கொடிக்காலும், மதியம் பட்டறை, சாயங்காலம் கோயில். இந்த வரிசையை மாற்றினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டிவரும்.

5.30-க்குக் கிளம்புங்கள். தஞ்சாவூர் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணை போகும் சாலையைப் பிடியுங்கள். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் வாழைத் தோட்டங்கள். சாலை குறுகல், வளைவுகள் அதிகம். இருபது கிலோமீட்டர் அளவுதான் என்றாலும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

கல்லணையில் ஒரு மணி நேரம் போதும். எல்லாரும் மதகு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அங்கே ஆறு பிரியும் விதம். காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய் மூன்றும் பாசனத்துக்கு. மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்கு. பாலத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தால் எந்த மதகு எந்த ஆற்றுக்கு என்று பிடிபட்டுவிடும். கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் பழைய அணை, 329 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள வளைந்த கல் அடுக்கு. இப்போது கண்ணில் படும் மதகுகளும் ஷட்டர்களும் பிற்காலத்து வேலை. புது ஆறு 1934-ல் பாசனத்துக்கு வந்தது. பெயரில் கல்லணை இருந்தாலும் அது மேட்டூர் அணையின் வயசுதான்.

அங்கிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறுக்கு ஒரு மணி நேரம். கோவிலடியில் அப்பக்குடத்தான் பெருமாளுக்கு அப்பம் நைவேத்தியம். திருவையாற்றில் 8.15-க்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஐயாறப்பர் கோயிலையும் தியாகராஜர் சமாதியையும் பாருங்கள். காவிரிக் கரையில் அந்தச் சமாதிக் கட்டடம் நிற்பதற்குக் காரணம், தம் சொத்தைச் செலவிட்டுக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள். தை மாத ஆராதனைச் சமயத்தில் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். கச்சேரி கேட்பதற்கு அது நல்ல நாள், கார் நிறுத்துவதற்கு நல்ல நாள் அல்ல.

9.30-க்குள் திருவையாற்றை விட்டால் கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் வழியாகப் பாபநாசம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் இராஜகிரி, அடுத்து பண்டாரவாடை. கொடிக்கால் பார்த்துவிட்டு 11.30-க்குள் பாபநாசத்துக்குத் திரும்பி, திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் கால நெற்களஞ்சியத்தைப் பாருங்கள். செங்கல்லில் வட்டமாகக் கட்டி, மேலே கூம்பாக முடித்தது. தெரியாமல் போகிறவர்கள் கோபுரம் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள்.

மதியச் சாப்பாடு கும்பகோணத்தில். 2 முதல் 3.30 வரை சுவாமிமலை வார்ப்புப் பட்டறை. 4 மணிக்குச் சுவாமிமலைக் கோயில். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கும் ஒவ்வொன்றாக அறுபது படிகள் உண்டு. மாமியாரை மேலே ஏறச் சொல்ல வேண்டாம். கீழ்த்தளத்தில் மீனாட்சி, சுந்தரேசுவரர் சன்னிதிகள் இருக்கின்றன, அங்கே நிழலாக உட்கார இடமும் கிடைக்கும். 5 மணிக்குத் தாராசுரம் வந்துவிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே சிற்பங்களைப் பார்த்துவிடலாம். இரண்டாம் இராஜராஜன் கட்டிய கோயில், 2004-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தூண்களில் விரலளவு சிற்பங்கள் நிறைய. கைப்பேசி விளக்கைவிட மாலை வெயிலில்தான் அவை தெளிவாகத் தெரியும். மழைக்காலத்தில் கோயிலைச் சுற்றித் தண்ணீர் தேங்கும், அந்த நாட்களில் இங்கே கூடுதல் நேரம் வையுங்கள்.

7 மணிக்குக் கிளம்பினால் தஞ்சாவூர் வழியாக 9.30-க்குள் வீடு. இதில் கும்பகோணம் ஊருக்குள் இருக்கும் கோயில்களைச் சேர்க்கப் பார்க்காதீர்கள். அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

வாசகர், கோயம்புத்தூர்: சித்திரையில் வந்தோம். கல்லணையில் தண்ணீரே இல்லை, மணல்தான். எப்போது வந்தால் ஆறு ஓடும்?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். அந்த நடுவில்தான் டெல்டா ஆறுகளுக்கு உயிர். ஆனால் தேதி நிச்சயமில்லை. அணையில் நீர் இருப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நாள் ஆகும். கல்லணையில் மதகு தூக்குவது அதற்கப்புறம். செய்தியில் அணை திறந்ததாகப் படித்த மறுநாளே காரை எடுத்தால் ஏமாற்றம்தான்.

தண்ணீர் ஓடுகிற மாதங்களிலும் எல்லா ஆறும் ஒரே சமயத்தில் நிறைந்து ஓடாது. வரத்து குறையும்போது முறை வைத்து விடுவார்கள். காவிரியில் சில நாள், வெண்ணாற்றில் சில நாள். கல்லணையில் பொங்கிக்கொண்டிருக்க, திருவையாற்றுப் படித்துறையில் முழங்காலளவுதான் என்பதும் நடக்கும். உங்களுக்குப் பச்சை வயல்தான் முக்கியம் என்றால் ஆடிக் கடைசி முதல் புரட்டாசி வரை வாருங்கள். குறுவை கதிர் விடும் வயலையும் சம்பா நடவு நடக்கும் வயலையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். கார்த்திகையில் மழை. மார்கழிக் கடைசியிலும் தை முதலிலும் சம்பா பொன்னிறம், காற்றும் குளிர்ச்சி, ஆற்றில் இன்னும் தண்ணீர் இருக்கும். எங்களைக் கேட்டால் பொங்கலுக்கு முந்தைய வாரத்தைத்தான் சொல்வோம்.

வாசகி, ஸ்ரீரங்கம்: கொடிக்காலுக்குள் போய்ப் பார்க்க விடுவார்களா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

கேட்டால் விடுவார்கள், கேட்காமல் நுழைந்தால் திட்டு விழும். அது பொதுத் தோட்டம் இல்லை, சிறு விவசாயிகளின் பிழைப்பு. பாபநாசத்திலோ இராஜகிரியிலோ வெற்றிலைக் கடையில் முதல் நாளே பேசி, யாருடைய கொடிக்காலில் மறுநாள் காலை இலை கிள்ளுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போவது சிறந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். வெற்றிலை லட்சுமி வாசம் செய்யும் இடம் என்பது ஒரு காரணம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. வெற்றிலைக்கு எமன் வாடல் நோய். மண்ணில் வாழும் பூஞ்சை அடித்தண்டை அழுகவைக்கும். நேற்றுவரை பச்சையாக இருந்த கொடி திடீரென்று தலை தொங்கிவிடும். ஒரு தோட்டத்து ஈரமண் செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனால் நோயும் கூடவே போகும். ஒரே காலையில் இரண்டு கொடிக்கால் பார்ப்பதாக இருந்தால் நடுவில் காலைக் கழுவிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் வெளியைவிட வெக்கை குறைவது உடனே தெரியும். வெற்றிலைக்கு நேர் வெயில் ஆகாது. அதற்குத்தான் அகத்தி. முதலில் பாத்திகளில் அகத்தி விதையைத் தூவி வளர்ப்பார்கள். அது கொடியைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு, அதன் அடியில் வெற்றிலைக் கொடித் துண்டுகளை நடுவார்கள். அகத்தியே பந்தல், அகத்தியே கம்பம். மேலே தழை அடர்ந்தால் வெளிச்சம் குறைந்து இலை மெலியும், அதனால் அவ்வப்போது கழிப்பார்கள். கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும். துவாதசிக்கு முதல் நாள் கும்பகோணம் சந்தையில் குவியும் அகத்திக்கீரையில் நிறைய இந்தக் கொடிக்கால் கீரைதான்.

கொடி ஏற ஏற வாழை நாரால் அகத்தியோடு கட்டுவதைப் பாருங்கள். ஒரு சாணுக்கு ஒரு கட்டு, அதுவும் தளர்வாக. இறுக்கிக் கட்டினால் தண்டு தடித்ததும் நார் அறுத்துவிடும். பதினைந்து, இருபது நாளுக்கு ஒருமுறை இந்தக் கட்டு வேலை உண்டு. ஒரு வருஷத்தில் கொடி பத்தடி ஏறிவிடும். அந்த உயரத்தில் இலை சிறுத்துப்போகும். அப்போது கொடியை அவிழ்த்து இறக்கி, கீழே சுருட்டி மண் மூடி, நுனியை மட்டும் மறுபடி அகத்தியில் ஏற்றுவார்கள். மூடிய கணுக்களிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். மாசி, பங்குனி வாக்கில் போனால் இந்த இறக்கும் வேலை நடக்கும். இலை வாங்கப் போகிறவர்களுக்கு அந்தச் சமயம் பயன்படாது, தொழிலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது.

பாத்திகளுக்கு நடுவே ஓடுவது வாய்க்கால். அதன் ஓரம் வழுக்கும். வேர் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. பெருமழைக்கு மறுநாள் விவசாயி முதலில் செய்வது தண்ணீரை வடிப்பதுதான், அன்றைக்கு நீங்கள் அங்கே போய் நிற்க வேண்டாம். கொடியைக் கையால் இழுத்துப் பார்க்காதீர்கள். குழந்தைகளை முன்னால் விடாமல் பின்னால் நடக்கச் சொல்லுங்கள்.

வாசகர், தாம்பரம்: வெற்றிலை வாங்கிவந்தால் இரண்டாம் நாளே கறுத்து அழுகிவிடுகிறது. எப்படி வாங்குவது, எப்படி வைப்பது?

கவுளிக் கணக்கில் வாங்குங்கள். ஒரு கவுளி நூறு இலை. கட்டின் மேல் இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் நடுவில் விரலை விட்டு நாலு இலை எடுத்துப் பாருங்கள். கும்பகோணத்து இலை மெல்லியது, வெளிர்ப்பச்சை, காரம் குறைவு. காம்பை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். நார் போல வளைந்தால் கிள்ளி நாளாகிவிட்டது. இலை நடுவில் தண்ணீர்த் துளிகள் தெரிந்தால் வேண்டாம். வாடாமல் காட்டுவதற்குத் தெளித்த அந்தத் தண்ணீர்தான் சாயங்காலத்துக்குள் அழுகலை ஆரம்பித்து வைக்கும்.

உங்கள் இலை கறுப்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம். பாலித்தீன் பையில் கட்டிக் காருக்குள் வெயிலில் வைத்திருப்பீர்கள். அல்லது வீட்டுக்கு வந்ததும் கழுவியிருப்பீர்கள். அல்லது ஃபிரிஜில் அதிகக் குளிர்ச்சியான தட்டில் வைத்திருப்பீர்கள். வெற்றிலை வெப்பமண்டலக் கொடி, கடுங்குளிர் பட்டால் கறுத்துவிடும். கடைக்காரர் வாழைச் சருகிலோ வாழையிலையிலோ கட்டித்தந்தால் அப்படியே கொண்டுவாருங்கள், ஆசனத்துக்கு அடியில் நிழலில் வையுங்கள். வீட்டில் கட்டைப் பிரித்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, புள்ளி விழுந்ததையும் கிழிந்ததையும் எடுத்துவிடுங்கள். நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியை லேசாகத் திறந்துவைத்த பாத்திரத்தில் வையுங்கள். தினமும் ஒருமுறை பிரித்து அழுகியதை எடுக்க வேண்டும். ஒன்று கெட்டால் ஒட்டிய நாலும் கெடும். இப்படிச் செய்தால் ஐந்தாறு நாள் தாங்கும். கழுவுவது உபயோகிக்கும்போதுதான்.

முகூர்த்த மாதங்களிலும் ஆயுதபூஜை சமயத்திலும் விலை ஏறும். மார்கழிக் குளிரில் தளிர் மெதுவாக வருவதாலும் ஏறும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போக நினைக்கிறவர்கள் கவனிக்க: ஐக்கிய அரபு அமீரகத்தில் வெற்றிலைக்கே தடை. மற்ற நாடுகளிலும் பச்சை இலைகளுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம், போகிற நாட்டுச் சுங்க விதியைப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப்புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. தாம்பூலத்தட்டில் பாக்கு இருக்கட்டும், தினமும் மெல்லுவதற்கு வேண்டாம்.

வாசகர், பெரம்பலூர்: ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு வந்து காவிரியில் குளிக்கலாமா?

வரலாம், குளிக்கும் இடத்தைத் தேர்ந்துகொண்டு. கல்லணையில் மதகுக்குக் கீழே எந்த நாளிலும் இறங்காதீர்கள். ஷட்டர் தூக்கினால் சில நிமிஷத்தில் ஆழம் மாறும், கீழே தண்ணீர் சுழன்று திரும்பும். கொள்ளிடம் இன்னும் மோசம். பார்வைக்குக் கணுக்கால் தண்ணீர், நாலடி தள்ளி மணல் எடுத்த பள்ளம். வெள்ளம் வந்தால் அந்தப் பள்ளத்தை மூடி மேலே சமமாக ஓடும், கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களே இதில் உயிர் விட்டிருக்கிறார்கள்.

திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறை போலக் கற்படி கட்டிய இடத்தில், படியை விட்டு இறங்காமல் குளியுங்கள். ஊர்க்காரர்கள் எந்தப் படிவரை இறங்குகிறார்களோ அதுதான் உங்களுக்கும் எல்லை. அன்றைக்குத் திருவையாற்றுக்குள் கார் நகராது. விடியும் முன் வந்து, 8 மணிக்குள் பூஜை முடித்துக் கிளம்பிவிடுவது நல்லது. காதோலை கருகமணி, காப்பரிசி எல்லாம் படித்துறை வாசலிலேயே கிடைக்கும். பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் போட்டுவிடாதீர்கள்.

வாசகி, சேலம்: சுவாமிமலையில் ஒரு நடராஜர் வாங்க வேண்டும். கடையில் பார்ப்பது வார்ப்புதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பட்டறையில் வேலையை ஒருமுறை பார்த்துவிட்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும் சேர்த்துக் காய்ச்சி மெழுகுச் சிலை செய்வார்கள். அளவு எடுப்பது தென்னங்கீற்று நறுக்கை மடித்து, சிற்ப அளவுமுறையான தாளக் கணக்கில். மெழுகின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல் மண். மாவு போல நைசாக இருப்பதால் நகக்கண் வரை பதியும். காய்ந்ததும் மேலே மணல் கலந்த களிமண் பூச்சுகள், பிறகு இரும்புக் கம்பிக் கட்டு. வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுவார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியேறும், அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணில் ஈரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால்கூட ஆவியாகி அச்சை வெடிக்கவைக்கும், இல்லையென்றால் சிலையில் ஓட்டைகள் விழும். ஆறியதும் அச்சை உடைத்துச் சிலையை எடுத்து உளியால் செதுக்குவார்கள். ஒரு அச்சு ஒரு சிலைக்குத்தான்.

மெழுகின் எடையைப் போல எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் தேவைப்படும், அதனால் விலையில் பாதி எடைதான். பஞ்சலோகத்தில் பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் பித்தளையும் ஈயமும். பொன்னும் வெள்ளியும் பேருக்குத்தான், அதுவும் நீங்கள் கொடுத்தால். வாங்கும்போது கனமான வார்ப்பா, உள்ளே பொள்ளலா என்று கேளுங்கள், எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிலையைத் திருப்பி முதுகுப் பக்கத்தையும் பீடத்தின் அடியையும் பாருங்கள். இயந்திர அச்சில் வந்ததில் இரண்டு பாதி சேர்ந்த கோடு தெரியும், பின்பக்கம் மொழுக்கென்று இருக்கும். கையால் செதுக்கியதில் சடை முடிச்சு, பூணூல், விரல் இடுக்கு எல்லாவற்றிலும் உளித் தடம் இருக்கும். அதே வரிசையில் நிற்கும் இன்னொரு நடராஜரோடு முகம் அச்சாக ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள்.

பச்சைக் களிம்பு ஏற்றி "பழசு" என்று தருவதை வாங்காதீர்கள். பழசாக்கிக் காட்ட அமிலம் போதும். உண்மையிலேயே நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. புதுச் சிலையையே வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் அது தொல்பொருள் இல்லை என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அமாவாசையன்று பெரும்பாலும் பட்டறை விடுமுறை, நாள் பார்த்துப் போங்கள்.

வாசகர், மாம்பலம், சென்னை: கார் இல்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் இதே பயணம் முடியுமா?

முடியும், கல்லணையை விட்டுவிட்டால். இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் அதிகாலையில் கும்பகோணம். அங்கே குளித்துவிட்டு, மேலே சொன்ன வரிசையைத் திருப்பிப் போடுங்கள். காலை நடை திறந்திருக்கும்போதே தாராசுரமும் சுவாமிமலைக் கோயிலும், பிறகு பட்டறை. மதியத்துக்கு மேல் பாபநாசம், இராஜகிரி. இலை கிள்ளுவதைப் பார்க்க முடியாது, கவுளி கட்டுவதைப் பார்க்கலாம். சாயங்காலம் தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு இரவு ரயில். கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை, பாபநாசம், பண்டாரவாடை, அய்யம்பேட்டை எல்லாம் ஒரே ரயில் பாதையில் உள்ள நிலையங்கள். சின்ன நிலையங்களில் பாசஞ்சர் மட்டுமே நிற்கும், அதற்காகக் காத்திருப்பதைவிடத் தஞ்சாவூர், கும்பகோணம் பஸ்ஸே மேல். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதிமூன்று கிலோமீட்டர். அந்தச் சின்னத் தூரத்தில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஐந்தையும் பஸ் தாண்டும். ஜன்னலோரம் இடம் பிடியுங்கள்.

வாசகி, புதுக்கோட்டை: வழியில் எங்கே என்ன சாப்பிடலாம்?

திருவையாற்றில் அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் நெய்யும் கோதுமை மாவும் சேர்த்துக் கிளறுவது. சூடாக இலையில் வாங்கிச் சாப்பிடுங்கள். பருப்பு இருப்பதால் அல்வா போல நாள் கணக்கில் தாங்காது. கும்பகோணத்தில் காலை என்றால் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைப்பும் சேர்ந்தது, பல கடைகளில் ஞாயிறு மட்டும்தான் உண்டு. டிகிரி காபிக்குப் பித்தளை டம்ளர் அடையாளம் இல்லை. தண்ணீர் கலக்காத பாலும் அப்போது இறங்கிய டிகாக்‌ஷனும்தான். நெடுஞ்சாலை முழுக்க இருக்கும் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வண்டியை நிறுத்தாதீர்கள்.

வாசகர், கரூர்: தை மாதம் இரவில் இந்தச் சாலைகளில் வண்டி ஓட்டலாமா?

நெடுஞ்சாலையில் ஓட்டலாம், ஆற்றங்கரைச் சாலைகளில் இருட்டிய பிறகு வேண்டாம். அறுவடைக் காலத்தில் நெல்லைத் தார்ச்சாலையில்தான் காயவைக்கிறார்கள். பாதிச் சாலையை நெல் அடைத்திருக்கும், ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்த கல்லோ மரக்கிளையோ விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். நெல்மேல் பிரேக் அடித்தால் இருசக்கர வண்டி நிச்சயம் சறுக்கும். அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரிகள் பின்விளக்கு இல்லாமல் நிற்பதும் உண்டு. கபிஸ்தலம், திருவையாறு வழியை வரும்போது காலையில் வைத்துக்கொண்டு, திரும்பும்போது தஞ்சாவூர் வழியையே எடுங்கள். பகலில் போகும்போதும் சக்கரம் நெல்மேல் ஏறாமல் பாருங்கள்.